கதவுக்குப் பின்னால் இருபது நிமிடம்

முதல் ஒத்திகைக்கு எங்களுக்கு ஆன நேரம் 4 நிமிடம் 10 நொடி. மகள்தான் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தாள்.

விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அவரவர் இடத்தில் படுத்துக்கொண்டார்கள். நான் ஹாலில் நின்று ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். திருடன் வந்துவிட்டான் என்று அர்த்தம். தட்டு சுற்றி அடங்குவதற்குள் ஒன்பது வயது மகன் கிரிக்கெட் மட்டையோடு ஹாலுக்கே ஓடி வந்தான். பதினாலு வயது மகள் சொன்னபடி உள்ளறைக்குப் போனாள், ஆனால் போனை ஹாலில் சார்ஜரிலேயே விட்டுவிட்டாள். வீட்டுக்காரர் இருட்டில் அரிவாளைத் தேடிக்கொண்டிருந்தார். என் மாமியார் நிதானமாக எழுந்து, கொண்டையை முடிந்து, கண்ணாடியைப் போட்டு, "மாட்டுக்குத் தண்ணி வெச்சனா?" என்று தனக்குத்தானே கேட்டபடி பின்கதவைத் திறந்து கட்டுத்தரைக்குப் போய்விட்டார்.

சிரிப்புத்தான் வந்தது. அன்று ராத்திரி தூக்கம் மட்டும் வரவில்லை.

எங்களுடையது காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு. ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம், கொஞ்சம் தள்ளி பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால். பக்கத்துத் தோட்டத்து வீடு கூப்பிடு தூரம் என்று சொல்வோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது அது. மாமனார் இறந்து ஆறு வருடமாகிறது. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஷிப்மெண்ட் நேரத்தில் வீடு வந்து சேர ராத்திரி பன்னிரண்டு ஆகும். அதுவரை இந்த வீட்டில் நான், 74 வயது அத்தை, ரெண்டு பிள்ளைகள், மூன்று மாடு, ஒரு நாய். நாயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிஸ்கட் கொடுத்தால் அதுவே வழி காட்டிக் கூட்டிக்கொண்டு வரும்.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் ஒரு வயதான தம்பதி, அதே மாதிரி தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வேறு பேச்சே இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தால்கூட "உங்க தோட்டத்துல கேமரா போட்டாச்சுங்களா?" என்பதுதான் விசாரிப்பு. கூடவே வடக்கத்தி ஆட்களைப் பற்றிய பேச்சும். சிவகிரி வழக்கில் போலீசார் கைது செய்தது அரச்சலூர்ப் பகுதி உள்ளூர் ஆட்களை என்று செய்தி வந்தபோது அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது, பிறகு பழையபடி ஆரம்பித்துவிட்டது. தேங்காய்க் களத்தில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்களைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தால் என் கவனம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. வருகிறவன் யாராக இருந்தாலும் என் வீட்டுக் கதவு ஒன்றுதான்.

கேமரா நாங்களும் போட்டோம், நாலு. அதைப் பற்றி ரெண்டு வரி போதும். கேமரா யார் வந்தான் என்று பிறகு சொல்லும். ராத்திரி ஒன்றரை மணிக்குப் பின்கதவை நெம்பும்போது பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்லாது.

மகள்தான் ஒருநாள் கேட்டாள். "போன் பண்ணினா போலீஸ் வர எவ்வளவு நேரம் ஆகும்மா?" நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன். ஒரு வழிக்குப் பதினாலு நிமிடம். பகலில், வழி தெரிந்த நான் ஓட்டி. ராத்திரியில் வழி கேட்டு வரும் ரோந்து வண்டி எங்கே நிற்கிறதோ தெரியாது. சரி, இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு குழப்பம் குறைந்துவிட்டது. திருடனைப் பிடிப்பது எங்கள் வேலை இல்லை, நகையைக் காப்பாற்றுவதும் இல்லை. ஐந்து பேரும் ஒரு கதவுக்குப் பின்னால் இருபது நிமிடம் உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எந்தக் கதவு என்பதில் முதலில் தப்புப் பண்ணினோம். எல்லோரும் ஒரே குரலில் பீரோ அறை என்றோம். மாமனார் காலத்துத் தேக்குக் கதவு, மேலும் கீழும் தாழ்ப்பாள். ரெண்டு நாள் கழித்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, திருடன் நேராக வருவதே அந்த அறைக்குத்தானே! பிள்ளைகளைக் கொண்டுபோய் அவன் தேடி வந்த பொருளோடு சேர்த்துப் பூட்டி வைக்கப் பார்த்தோம்.

ஆகவே மகளின் அறையைத் தேர்ந்தெடுத்தோம். கூடவே பாத்ரூம் இருக்கிறது, ஜன்னல் பக்கத்துத் தோட்டம் பார்த்த மாதிரி இருக்கிறது. கதவுதான் பிளைவுட், எட்டி உதைத்தால் போய்விடும். ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "கதவு கெடக்குது, மொதல்ல நெலவைப் பாருங்க" என்றார். நெலவு என்றால் கதவைத் தாங்கும் நிலைச்சட்டம். தாழ்ப்பாளைத் திருகியிருந்த ஆணிகள் அரை அங்குலம்தான். கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்த அரை அங்குலம் பிடுங்கிக்கொண்டால் தீர்ந்தது. நிலைச்சட்டத்துக்குள் ஆழமாக இறங்கும் நீள ஸ்குரூ போட்டு, கதவையும் மாற்றி, குறுக்கே ஓர் அடிதண்டாவும் வைத்துக் கொடுத்தார். மகன் தூக்கிப் பார்த்தான், முடியவில்லை. மறுபடி பட்டறைக்கு அனுப்பி, உள்ளே குழாயாக இருக்கும் கம்பியில் செய்து வாங்கினோம். ஒன்பது வயதுப் பையன் இருட்டில் தனியாகப் போட முடியாத அடிதண்டா எனக்கு எதற்கு?

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லா ஜன்னலுக்கும் கம்பி, முன்னால் கிரில் கேட். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தைப் பெரியபாளையம் பக்கம் அவர் வீட்டிலேயே கொள்ளையர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என் அப்பா எங்கள் பிறந்த வீட்டுக்கு கிரில் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. நல்லதுதான். ஆனால் உள்ளே வர முடியாத வீட்டிலிருந்து வெளியே போகவும் முடியாது. எங்கள் பின்கதவுக்கு உள்பக்கம் பூட்டு, அதன் சாவி பீரோவில். தீப்பிடித்தால்கூட நாங்கள் உள்ளேதான். இப்போது அந்தச் சாவி மகள் அறையில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. வெளியிலிருந்து கைவிட்டு எடுக்க முடியாத இடம். திருடன் முன்பக்கம் இருக்கிறான் என்று உறுதியாகத் தெரிந்து, பின்பக்கம் வழி இருந்தால் ஓடலாம். தெரியாவிட்டால் அறைக்குள்தான்.

போன் விஷயம் நினைத்ததைவிடக் கஷ்டம். அந்த அறையில் சிக்னல் பாதி இடத்தில் இல்லை. மகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக நடந்து, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, சுவரில் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்தாள். அங்கே நின்றுதான் அவசர உதவி எண் 112-க்குப் பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டினோம், ஏனென்றால் தோட்டத்துக்குத் தெருப்பெயரும் கதவு எண்ணும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஊர், ஊராட்சி, எந்த ரோடு, எந்த வாய்க்கால் பாலம் தாண்டி எந்தக் கைப்பக்கம் திரும்ப வேண்டும், வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில். முதல் தடவை மகளைப் பேசச் சொன்னபோது "ஹலோ, நான் எய்த் ஏ படிக்கிறேன்" என்று ஆரம்பித்தாள். குறை சொல்ல முடியாது, அதே இடத்தில் நான் பேசிப் பார்த்தபோது ஊர்ப்பெயரையே விட்டுவிட்டேன்.

என் போனில் காவல் உதவி செயலி இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நாம் இருக்கும் இடமும் சேர்ந்து போகும். அத்தையிடம் பட்டன் போன்தான். அதில் 5 அல்லது 9 என்ற எண்ணை அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகும். 2017-லிருந்து விற்கும் போன்களில் இது இருக்க வேண்டும் என்பது விதி. சொல்லிக்கொடுத்த அன்றே மகன் அழுத்திப் பார்த்துவிட்டான். அந்தப் பக்கம் எடுத்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அவர் திட்டவில்லை. "பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க, ஆனா சும்மா அழுத்த வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்காரரின் அரிவாள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "வந்தான்னா வெட்டிப் போடுவேன்" என்பது அவர் நிலை. அவர் வீட்டில் இருக்கும் நேரமே குறைவு என்று நான் சொன்னது எடுபடவில்லை. கடைசியில் வக்கீலாக இருக்கும் என் சித்தப்பா மகன் வந்து உட்கார்ந்து பேசினான். தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைபவனிடம் அந்த உரிமை உயிரைப் போக்கும் வரைகூடப் போகலாம். ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடியும் கூடாது என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது. "அவன் திரும்பி ஓடும்போது முதுகுல வெட்டினீங்கன்னா, மாமா, அப்புறம் நான்தான் உங்களுக்கு ஆஜராகணும்" என்றான். வீட்டுக்காரர் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அரிவாள் கட்டுத்தரைக்குப் போய்விட்டது. அது அங்கே இருந்தால் வருகிறவன் கைக்குத்தானே கிடைக்கும் என்று நான் சொல்ல, பிறகு மோட்டார் ரூமுக்குள் போட்டுப் பூட்டினார்.

அவருக்கு வேறு வேலை கொடுத்தேன். மெயின்ரோட்டிலிருந்து தோட்டத்துத் தடத்துக்குத் திரும்பும் முன் போன் செய்ய வேண்டும். நான் எடுத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எடுக்கவில்லை என்றால் அவர் உள்ளே வரக் கூடாது, 112-க்கும் பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கும் சொல்லிவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். இதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. "நீங்க உள்ள இருக்கும்போது நான் ரோட்டுல நிக்கறதா?" என்றார். ஆமாம், அதுதான் நான் கேட்பது என்றேன். இன்னும் முழுதாகச் சம்மதித்ததாகச் சொல்ல முடியாது. போன் மட்டும் தவறாமல் செய்கிறார்.

பக்கத்துத் தோட்டத்து மாமாவோடும் இதே பேச்சுத்தான். பாட்டரியில் ஓடும் சைரன் ஒன்றை வெளிச்சுவரில் உயரத்தில் மாட்டி, சுவிட்சை மகள் அறைக்குள் வைத்தோம். வெளி விளக்குகளின் சுவிட்சும் அங்கேயே வந்துவிட்டது. மீட்டர் பெட்டியில் பியூசைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு, அந்த அறைக்கும் ரெண்டு வெளி விளக்குக்கும் இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தவர் எலெக்ட்ரீஷியன். எனக்கு அது தோன்றவில்லை. சைரன் கேட்டால் மாமா தனியாக ஓடி வரக் கூடாது. அவர் வீட்டு விளக்கை எல்லாம் போட வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும், மற்ற தோட்டங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட வேண்டும். நாலு பேர் சேர்ந்த பிறகு வண்டி ஹாரனை அடித்துக்கொண்டு வரலாம். அவருக்கு 68 வயது. "வெளிச்சமும் சத்தமும் இருந்தாலே பாதிப் பேரு ஓடிருவானுங்க அம்மிணி" என்றார். மீதிப் பாதியைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

நகை. என்னுடையது லாக்கருக்குப் போய்விட்டது. அத்தையின் கையில் ரெண்டு ஜோடி வளையல், போட்டு முப்பது வருடமாகிறது, கழற்ற வராது. சோப்புப் போட்டுப் பார்த்தோம், எண்ணெய் போட்டுப் பார்த்தோம். "கெடக்கட்டும் கண்ணு, நான் போனப்புறம் வெட்டி எடுத்துக்கங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழற்ற முடியாத வளையலை ஒருவன் எப்படி எடுப்பான் என்று நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவரே நகை ஆசாரி கடைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வெட்டி எடுத்த இடத்தில் தோல் வெளுத்துக் கோடாக இருந்தது. பல நாள் இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பீரோவில் இப்போது பட்டுப்புடவைகளும் ஒரு பர்சில் கொஞ்சம் பணமும் கவரிங் செயின் ஒன்றும் இருக்கின்றன. சாவி பீரோவிலேயே தொங்குகிறது. எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான். வீட்டுக்காரருக்கு இதில் மானப் பிரச்சினை. எனக்கு இல்லை.

இனி மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவனிடம் திருடன், கொலை என்றெல்லாம் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு ஒத்திகை நடத்துகிறார்களே, அது மாதிரி வீட்டிலும் ஒன்று என்றேன். தட்டுச் சத்தம் கேட்டால் மட்டையைத் தொடாமல் அக்கா அறைக்கு ஓட வேண்டும், அக்கா வந்ததும் அடிதண்டா. ரெண்டாவது ஒத்திகையில் அதைச் சரியாகச் செய்தான். செய்துவிட்டுக் கேட்டான். "ஆத்தா கட்டுத்தரையில இருந்தா? ஆத்தாவை வெளியே விட்டுட்டா பூட்டணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அத்தை ராத்திரி ரெண்டு முறையாவது மாட்டைப் பார்க்கப் போவார். அதிலும் அப்போது ஒரு மாடு சினை, இன்னிக்கோ நாளைக்கோ என்று இருந்தது. வெளியே குழாய்ச் சத்தம் கேட்டாலோ மாடு கத்தினாலோ கதவைத் திறக்காதே என்று வாட்ஸ்அப்பில் நூறு பேர் அனுப்புகிறார்கள். மாடு வைத்திருப்பவளிடம் போய் மாடு கத்தினால் போகாதே என்று எப்படிச் சொல்வது? "மாட்டுக்கு ஒண்ணுன்னா நான் பாக்காம யாரு பாக்கறது?" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

அத்தைதான் பேரனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துப் பதில் சொன்னார். "பூட்டிக்கோணும் சாமி. நான் மாட்டுக்கு அந்தப் பக்கம் சோளத்தட்டுப் போருல ஒளிஞ்சுக்குவேன். எனக்கு அங்க எடம் தெரியும். நீ தெறந்தீன்னாத்தான் ஆத்தாளுக்குப் பயம்." அவன் கொஞ்ச நேரம் யோசித்து, "செல்லு எடுத்துட்டுப் போ" என்றான். அன்றிலிருந்து பட்டன் போன் அத்தையின் மடியில்தான். மாட்டைப் பார்க்கப் போகும் முறையும் மாறியது. முதலில் என்னை எழுப்ப வேண்டும், உள்ளிருந்தே எல்லா விளக்கையும் போட வேண்டும், கேமராவில் பார்க்க வேண்டும், அப்புறம் ரெண்டு பேராகப் போக வேண்டும். நாங்கள் வெளியே போனதும் மகள் உள்ளே தாழ் போட வேண்டும்.

திரும்பி வந்து தட்டும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது மகளின் யோசனை. குரல் எங்களுடையதாகவே இருந்தாலும், பக்கத்தில் எவனாவது நின்று சொல்லச் சொல்லியிருக்கலாம் அல்லவா? வார்த்தை இல்லாமல் "கதவைத் தெற கண்ணு" என்று கூப்பிட்டால் திறக்கக் கூடாது, 112-ஐ அழைக்க வேண்டும். வார்த்தையாக, எங்களிடம் முன்பு இருந்த ஒரு மாட்டின் பெயரை வைத்தோம். பில்லை.

நாலாவது ஒத்திகையில் நேரம் 50 நொடிக்கு வந்துவிட்டது. அத்தை கொண்டையை அறைக்குள் வந்து முடிந்துகொண்டார்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி ரெண்டேகால் மணிக்கு அத்தை என்னை உலுக்கினார். மாடு கத்தியது. விளக்கைப் போட்டு, கேமராவைப் பார்த்து, ரெண்டு பேரும் போனோம். வீட்டுக்காரர் சென்னைக்குப் போயிருந்தார். கன்று போட்டு, நஞ்சுக்கொடி விழுந்து, கன்றைத் துடைத்து நிற்க வைக்க நாலரை மணி ஆகிவிட்டது. கிடாரிக் கன்று. கை காலெல்லாம் ஈரத்தோடு வந்து கதவைத் தட்டினோம்.

"யாரு?" என்றாள் மகள் உள்ளிருந்து.

"ஆத்தாதான் கண்ணு. தெற. கன்னு போட்டிருச்சு."

"வார்த்தை?"

அத்தை என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. இவள் திறக்கிறாளா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. "செவலை" என்றார் அத்தை. இல்லை என்று பதில் வந்தது. மயிலை, காரி, லட்சுமி என்று கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கட்டிய மாடுகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். சிலது நானே கேள்விப்படாத பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து "இல்லை" வந்தது. பனியில் நின்று எனக்கு நடுக்கம். கதவு அசையவில்லை. போனை எடுக்கும் சத்தம் கேட்டது. 112-ஐ அழைக்கப் போகிறாள் என்று புரிந்து நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து மகனின் தூக்கக் குரல் சத்தமாக வந்தது.

"ஆத்தா, பில்லைன்னு சொல்லு ஆத்தா!"

அதனால்தான் அந்த வார்த்தையை இங்கே எழுத முடிந்தது. மறுநாள் காலையிலேயே மாற்றிவிட்டோம்.